அகலச் சாலை கேட்காதீர்கள்

டில்லித் தமிழர்களின் அகராதியில் ‘லீவு’ என்றால் ‘ஊர்’ என்று பொருள். அறுபது நாட்களுக்கு முன்பே காத்திருந்து ஜி.டி.யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இடம் பிடிப்போம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில், உடம்பு முடியாத பெரியவர்கள் என்று பதினைந்து நாட்களும் ஓடிவிடும். அப்பளம், வடகம், மாவடு மூட்டையோடு திரும்பி வருவோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேரை மறக்காதவர்கள் என்று நம்மைப் பற்றி நாமே பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளாக நாம் சோறு தின்னும் இந்த வட்டாரத்தை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறோம்? ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஆக்ரா, ஹரித்துவார், ரிஷிகேஷ். அதைத் தாண்டினால், சங்கத்துச் சுற்றுலாப் பேருந்தில் முசூரி. அவ்வளவுதான். வாடகை வீட்டில் குடியிருப்பவர் மொட்டைமாடியை எட்டிப் பார்க்காததுபோல, தலைக்கு மேலே இருக்கும் இமயமலையைப் பார்க்காமலே பணி ஓய்வு பெற்று மாம்பலத்துக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போய்விடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இரண்டு விஷயங்கள். ஒன்று, கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் காரில் கிளம்பி, தேவதாரு மரங்களின் அடியில் கூடாரம் போட்டு இரண்டு இரவுகளாவது தங்கிவிட்டு வாருங்கள். இரண்டு, அப்படிப் போகும்போது வழியில் சாலை குறுகலாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தைகூட முணுமுணுக்காதீர்கள். இரண்டாவதுதான் முக்கியம். அதற்கு வருவதற்கு முன் முதலாவதைப் பார்த்துவிடுவோம்.

ஏன் இருவர் மட்டும்?

பிள்ளைகள் வளர்ந்து புணேக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வீடுகள் நம் சங்கத்தில் ஏராளம். அந்த வீடுகளில் இருவர் இருப்பார்கள். பேச்சு மட்டும் குறைந்துபோயிருக்கும். ‘கேஸ் புக் பண்ணியாச்சா?’, ‘கரண்ட் பில் கட்டியாச்சா?’, ‘மாத்திரை போட்டாச்சா?’ என்ற மூன்று கேள்விகளில் ஒரு நாள் முடிந்துவிடும். சண்டை ஒன்றுமில்லை. முப்பது வருடம் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக் கடனையும் பற்றியே பேசிப் பழகியதால், அவை இரண்டும் தீர்ந்ததும் பேச விஷயம் இல்லாமல் போய்விட்டது.

காரில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் போனால் பேசித்தான் ஆக வேண்டும். கூடாரத்தில் தொலைக்காட்சி கிடையாது. மலைமடிப்புகளில் கைபேசிக்கும் சிக்னல் சரியாக எட்டாது. சென்ற அக்டோபரில், தசரா விடுமுறைக் கூட்டம் வடிந்தபின், நானும் என் மனைவியும் போய்வந்தோம். கல்யாணமான புதிதில் கரோல்பாக்கில் ஒற்றை அறையில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்த கதையெல்லாம் அந்த இரண்டு இரவுகளில்தான் மறுபடி வெளியே வந்தது. முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்விட வேண்டும் என்பது என் கருத்து. எழுபது வயதுக்குமேல் கூடாரத்துக்குள் குனிந்து நுழைவதும் எழுவதும் எளிதல்ல.

காளசியில் ஒரு கல்

நாங்கள் போனது சக்ராதா. டில்லியிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். டேராடூன் பக்கமாக விகாஸ்நகர் போய், அங்கிருந்து காளசி வழியாக மலை ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்தவர்கள் காளசியில் நிற்காமல் போய்விடுகிறார்கள். தமிழர்களாவது அங்கே அரை மணி நேரம் நிற்க வேண்டும்.

யமுனை மலையை விட்டு இறங்கும் இடத்தில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் ஒரு மண்டபம் கட்டித் தொல்லியல் துறையினர் பாதுகாத்து வருகிறார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த பதினான்கு பாறைக் கட்டளைகளும் அந்த ஒரே கல்லில் பிராமி எழுத்தில் உள்ளன. 1860-இல்தான் இக்கல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. பக்கவாட்டில் ஒரு யானை உருவத்தையும் கோட்டோவியமாகக் கீறியிருக்கிறார்கள்.

அந்த இரண்டாம் கட்டளையில், அசோகரின் எல்லைக்கு அப்பால் இருந்த நாடுகளின் வரிசையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்ற பெயர்கள் இருக்கின்றன. சத்தியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு 1981-இல் தமிழகத்து ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு விடை சொன்னது: நம் அதியமான் மரபினர். இமயத்தின் அடிவாரத்தில், பனிக்காற்று வீசும் இடத்தில், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் அரசர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ‘நாம் இங்கே வந்தேறிகள்’ என்று யாராவது சொன்னால், காளசிக்கு வழி சொல்லி அனுப்புங்கள்.

பெயரைவிட முக்கியம், அந்தக் கட்டளை என்ன சொல்கிறது என்பது. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்தது, மருந்துச் செடிகள் இல்லாத இடங்களில் கொண்டுவந்து நட்டது, வழிநெடுக மரம் வைத்தது, கிணறு வெட்டியது. இவைதான் செய்தி. சாலை போட்ட அரசன் மரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டில்லியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோமே, அதே யமுனை இங்கே கூழாங்கல் தெரியத் தெளிவாக ஓடுகிறது. என் மனைவி கையில் அள்ளி முகம் கழுவிக்கொண்டாள். “முப்பது வருஷமா இந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறோம், இப்பத்தான் முகத்தைப் பார்க்கிறேன்” என்றாள்.

நாட்டு மருந்துக் கடையில் கேட்ட பெயர்

காளசியிலிருந்து சக்ராதா நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உயரம் ஏறக்குறைய 7,000 அடி. அது இராணுவக் குடியிருப்புப் பகுதி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் கூட்டிப்போகத் திட்டமிடுபவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சக்ராதாவைத் தாண்டித் தியூனி போகும் வழியில், சுமார் 25 கிலோமீட்டரில் கனாசர். அங்கேதான் பெரிய தேவதாருக்கள். சக்ராதாவுக்கு மேலே ஒன்பதாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில் தேவ்பன் என்ற காடும் இருக்கிறது.

தேவதாரு நமக்குப் புதிய பெயர் அல்ல. நாட்டு மருந்துக் கடைப் பட்டியலில் பாட்டிமார்கள் எழுதி அனுப்பிய பெயர்தான். தாரு என்றால் மரம்; தேவதாரு என்றால் தேவர்களின் மரம். பிட்சாடனர் கதையில் வரும் தாருகாவனத்தையும் நாம் அறிவோம். வழுவூர் கோயிலிலும் தில்லைப் புராணத்திலும் அந்த வனம் வருகிறது. சிற்பமாகவும் செப்புத் திருமேனியாகவும் நாம் பார்த்த கதையின் காடு எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் கனாசரில் ஒரு விடியற்காலையில் நின்று பார்க்கலாம்.

மேற்கு இமயத்தில் 1,500 மீட்டரிலிருந்து 3,200 மீட்டர் உயரம் வரை வளரும் மரம் இது. நாற்பது, ஐம்பது மீட்டர் உயரம் சாதாரணம். அதாவது பதினைந்து மாடிக் கட்டடம். கனாசரில் உள்ள முதுமரங்களைக் கட்டிப்பிடிக்க நாங்கள் இருவரும் கைகோத்து முயன்றோம். பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு தேவதாருவின் குறுக்கு வெட்டை வைத்திருக்கிறார்கள். அதில் எழுநூறுக்கும் அதிகமான ஆண்டு வளையங்கள். அந்த மரம் முளைவிட்டபோது தஞ்சைத் தரணியில் சோழர் ஆட்சி இன்னும் நடந்துகொண்டிருந்தது.

கூடாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். காப்புக் காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். அதைவிட எளிது, காட்டோரத்துக் கிராமங்களில் தங்கள் படிக்கட்டு வயல்களில் கூடாரம் போட்டுத் தருகிறார்கள், அங்கே தங்குவது. பணமும் அந்த வீட்டுக்கே போய்ச் சேரும். நாங்கள் தங்கிய வயலின் ஓரத்திலேயே காடு தொடங்கியது. அக்டோபரில் இரவு நல்ல குளிர். மங்கி குல்லாவும் இரண்டு கம்பளியும் கட்டாயம். சாப்பாட்டுப் பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். கரடி நடமாட்டம் உண்டாம். எங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் அவர் வீட்டுச் சமையலறையில் பத்திரமாக இருந்தன. மறுநாள் அவர்கள் வீட்டுக் குழந்தைகள் புளியோதரையை விரும்பித் தின்றார்கள்.

இரவு பத்து மணிக்குமேல் அந்தக் காட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குச் சொல் வராது. காற்று மேலே எங்கோ உச்சியில் போகும் ஓசை மட்டும் கேட்கும். கீழே ஓர் இலையும் அசையாது. கோயில் கருவறைக்கு முன் நிற்கும்போது வரும் அமைதி அது. நம் ஊரில் தில்லை மரத்தையும் கடம்பையும் மாமரத்தையும் தலவிருட்சம் என்று வணங்குகிறோம். இங்கே காடே தலவிருட்சம். ஜௌன்சார் பகுதி மக்களின் தெய்வம் மகாசு. தெய்வத்துக்கு உரிய மரத்தில் கோடரி வைக்க மாட்டோம் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

ஹாரன் அடித்தவர்

இனி இரண்டாவது விஷயம்.

கனாசருக்குப் போகும் சாலை ஒரு பேருந்தும் ஒரு காரும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கிப் போக வேண்டிய அகலம்தான். நாங்கள் போன அன்று, ஒரு வளைவில் மண் சரிந்திருந்ததால் நாற்பது நிமிடம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் நின்ற பெரிய வண்டிக்காரர் பத்து நிமிடம் விடாமல் ஹாரன் அடித்தார். பிறகு இறங்கி வந்து, “இந்த மரங்களை எடுத்துவிட்டு நாலு வழிப் பாதை போட்டால் டில்லியிலிருந்து ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம்” என்று யோசனை சொன்னார். அவரும் மரம் பார்க்க வந்தவர்தான்! என் மனைவி என்னிடம் தமிழில் மெல்லச் சொன்னாள்: “ரோடு அகலமா இருந்தா சீக்கிரம் வந்திருப்போம், சரி. வந்து எதைப் பார்ப்போம்?”

அந்த மனிதரைத் தனியாகக் குறை சொல்லி என்ன பயன்? சாலை அகலமானால் முன்னேற்றம் என்று நாம் எல்லோருமே பழகிவிட்டோம். சமவெளியில் அது ஓரளவு சரி. மலையில் ஒரு மீட்டர் அகலம் கூட்ட வேண்டுமானால், மேல்பக்கச் சரிவை உயரத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டிய மண் கீழ்ச்சரிவில் விழும். மேலேயுள்ள மரத்தின் வேர் வெளியே தெரியும். கீழேயுள்ள மரம் மண்ணில் புதையும். அடுத்த மழையில் வெட்டிய சரிவு இறங்கி வந்து, அகலமாக்கிய அதே சாலையை மூடும்.

ஒரு காலத்தில் கட்டைகள், இப்போது சாலை

இந்தக் காடுகள் ஏற்கெனவே ஒரு பெரிய கண்டத்திலிருந்து தப்பியவை. 1853-இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதன்பின் தண்டவாளம் நாடெங்கும் பரவியது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வரை வேண்டும். பக்குவப்படுத்தாமலே வெயிலையும் மழையையும் கரையானையும் தாங்கக்கூடிய மரங்கள் என்று அன்று கண்டவை தேக்கு, சாலமரம், தேவதாரு ஆகிய மூன்றே. ஆகவே கோடரி மேற்கு இமயத்துக்கு வந்தது. வெட்டிய மரங்களை யமுனையிலும் அதன் துணையாறான டோன்ஸிலும் மிதக்கவிட்டுச் சமவெளிக்குக் கொண்டுபோனார்கள். மரம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் 1864-இல் வனத்துறையையே தொடங்கினார்கள். மக்களுக்காக அல்ல, கட்டைக்காக.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் வெட்டு நிற்கவில்லை. 1970-களில் கர்வால் மலைப் பெண்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற சிப்கோ இயக்கம் எல்லோருக்கும் தெரியும். 1974-இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் அவரோடு இருந்த பெண்களும் வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த இயக்கத்தின் பயனாக, 1980-களின் தொடக்கத்தில், ஆயிரம் மீட்டருக்குமேல் உள்ள பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டத் தடை வந்தது. நாங்கள் பார்த்த மரங்களில் பல இன்று நிற்பதற்கு அந்தப் பெண்களே காரணம்.

அன்று மரக்கட்டைக்காக வெட்டினார்கள். இன்று நமக்காக வெட்டுகிறார்கள். சார்தாம் யாத்திரைக்கான சுமார் 900 கிலோமீட்டர் சாலைத் திட்டம் 2016 டிசம்பரில் தொடங்கியது. எவ்வளவு அகலம் என்பதே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. 2020 செப்டம்பரில் ஐந்தரை மீட்டர் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. எல்லைப் பாதுகாப்பை முன்வைத்து அரசு மறுபடி கேட்டதால், 2021 டிசம்பரில் எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகளுக்கு இருவழி அகலத்தை அனுமதித்தது. இராணுவத் தேவையைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை, அதை விட்டுவிடுகிறேன். மரம் பார்க்கவும் கோயில் பார்க்கவும் போகிற சாலையைப் பற்றி நாம் பேசலாம்.

உத்தரகண்டின் கிழக்குப் பகுதியில், அல்மோரா மாவட்டத்தில் ஜாகேஷ்வர் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள் அடர்ந்த தேவதாருக் காட்டின் நடுவே நிற்கின்றன. அதுதான் தாருகாவனம் என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. ஆர்தோலாவிலிருந்து அங்கே போகும் சிறிய சாலையை அகலப்படுத்த ஏறத்தாழ ஆயிரம் தேவதாரு மரங்களுக்கு அடையாளம் இட்டிருக்கிறார்கள் என்ற செய்தி 2024-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். இந்த மரங்கள் எங்கள் தெய்வங்கள் என்றார்கள். மாநில முதலமைச்சர் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டார். சிவன் உறையும் தாருகாவனத்துக்குச் சிவனைத் தரிசிக்கப் போகிறவர்களின் வசதிக்காக, அந்த வனத்தையே வெட்டுவது என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மலைவாசிகள் கேட்பது என்ன?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘டில்லியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, மலையில் இருப்பவர்களுக்குச் சாலை வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?’ என்று கேட்கலாம். பிரசவ வலியில் ஒரு பெண்ணைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்கும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குச் சாலை வேண்டாம் என்று சொல்பவன் மனிதனே அல்ல.

இதை எங்கள் வீட்டுக்காரரிடமே கேட்டேன். அவர் தக்காளியும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு சாஹியா சந்தைக்கு அனுப்புபவர். “அகலம் எதற்கு? மழைக்காலத்தில் மூடாமல் இருந்தால் போதும். போன வருஷம் மூன்று நாள் வழி அடைபட்டு ஒரு வண்டித் தக்காளி அழுகிப்போயிற்று. அகலம் உங்களைப் போல வருகிறவர்களுக்குத்தான் வேண்டும்” என்றார். அவருக்குத் தேவை நல்ல வடிகால், சரிவைத் தாங்கும் கல்சுவர், சரிந்தால் உடனே அள்ள ஆள், ஆஸ்பத்திரியில் டாக்டர். இவை எதற்கும் தேவதாருவை வெட்ட வேண்டியதில்லை. சனி, ஞாயிறு கூட்டத்தைத் தாங்கத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே, கூட்டமாகப் போகும் நாம்தான் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியவர்கள்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. முன்பு சக்ராதா சாலையிலேயே ‘கேட்’ முறை இருந்தது. குறிப்பிட்ட நேரத்தில் ஏறும் வண்டிகள், குறிப்பிட்ட நேரத்தில் இறங்கும் வண்டிகள் என்று மாறி மாறி விடுவார்கள். ஒரு மணி நேரம் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போனால் குடி முழுகிவிடாது. கூட்ட நாட்களில் அதை மறுபடி கொண்டுவரலாம். காரைக் கீழேயே நிறுத்திவிட்டுச் சிறிய பேருந்தில் ஏற்றிப் போகலாம். பழநியிலும் திருப்பதியிலும் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறோம். இங்கே ஏன் முடியாது?

மரத்துக்கு ஒரு சமாதி

கனாசரிலிருந்து அதே சாலையில் மேலும் போனால் தியூனி. அந்த டோன்ஸ் பள்ளத்தாக்கில், ஹனோல் மகாசு கோயில் இருக்கும் பகுதியில், ஆசியாவிலேயே உயரமான சீர் பைன் மரம் என்று பெயர் பெற்ற ஒன்று நின்றது. உயரம் 60 மீட்டருக்குமேல். 1997-இல் மத்திய அரசு அதற்கு ‘மகாவிருட்சம்’ என்று பட்டம் கொடுத்தது. 2007 மே மாதம் புயல்காற்றில் விழுந்துவிட்டது. விழுந்த மரத்தின் துண்டுகளை அந்த இடத்திலேயே வைத்து, வனத்துறை ஒரு சமாதி எழுப்பியிருக்கிறது.

1989-இல் அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் சாய்ந்தபோது சென்னையில் எத்தனை பேர் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள்! அது காற்றில் விழுந்தது. யாரையும் நோக முடியாது. காற்றுக்குத் தப்பிப் பல நூறு ஆண்டுகள் நின்ற மரம், நாம் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வதற்காக விழுந்தால், அதற்கு யார் சமாதி கட்டுவது?

போகிறவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அவசியம் போங்கள். பார்த்தவர்களுக்குத்தான் காக்க வேண்டும் என்ற எண்ணமே வரும். போகும் விதத்தில் மட்டும் சிறிது மாற்றம் வேண்டும்.

சனி, ஞாயிறையும் நீண்ட விடுமுறைகளையும் தவிருங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிறுதானே! சிறிய வண்டியில் போங்கள். ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும் என்ற வெறியை விட்டு, முதல் நாள் விகாஸ்நகரிலேயே தங்கிவிடுங்கள். மறுநாள் காளசிக் கல்லைப் பார்த்துவிட்டு மெதுவாக மலை ஏறலாம். மலைச்சாலையில் மேலே ஏறி வருபவருக்கே முதலில் வழிவிட வேண்டும்.

பெரிய ஓட்டலுக்குப் பதில் கிராமத்து வீட்டில், வயலோரக் கூடாரத்தில் தங்குங்கள். மரத்தடியில் தீ மூட்டிப் பாட்டுக் கச்சேரி வேண்டாம். பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை அங்கே காட்டுத்தீக் காலம். 2016-இலும் 2024-இலும் அந்த மாநிலத்தில் எவ்வளவு காடு எரிந்தது என்பதைச் செய்தித்தாளில் படித்தோம். குளிருக்குக் கம்பளி போதும். கொண்டுபோன பிளாஸ்டிக்கை ஒரு பையில் போட்டு டில்லிக்கே கொண்டுவந்துவிடுங்கள். மரத்தில் பெயர் செதுக்குவதைப் பற்றி நம் வயதுக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மூன்று பெரிய பேருந்துகளில் நூற்றைம்பது பேரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம். அந்தச் சுற்றுலா சமவெளியில் நடக்கட்டும். மலைக்கு இரண்டு, மூன்று தம்பதிகளாகப் போகட்டும். போய்வந்தவர்கள் தங்கிய வீடு, வழி, செலவு ஆகிய விவரங்களை நம் அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும். தேவதாருவுக்கு அடையாளமிடும் செய்தி வரும்போதெல்லாம், ‘நாங்கள் இந்தச் சாலையில் போகிறவர்கள், எங்களுக்காக அகலப்படுத்த வேண்டாம்’ என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதலாம். சாலையை யாருக்காகப் போடுகிறார்களோ அவர்களே வேண்டாம் என்று எழுதினால், அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

முப்பது ஆண்டுகளாக யமுனைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறோம். அந்த ஆறு பிறக்கும் மலையையும், மலை மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் மரத்தையும் ஒருமுறையாவது போய்ப் பார்த்து, நம்மால் அவற்றுக்குக் கேடு வராமல் திரும்பி வருவது பெரிய காரியமல்ல. வழியில் நாற்பது நிமிடம் நிற்க நேர்ந்தால் பிளாஸ்கைத் திறந்து ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடியுங்கள். பேசுவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரே!